வாவிக்கரை மனைகளுக்கேற்ற குளிர்கருவி

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் கூதிர்காலத்து நகரொன்றைக் காட்டுகின்றார். வேனிலிற் பயன்பட்ட வட்ட விசிறிகள் சுருக்கப்பட்டுத் தொங்குகின்றன. அவற்றின்மேற் சிலந்தி நூல் படர்ந்துள்ளது. குவிந்த வாயையுடைய கலத்திலுள்ள தண்ணீரைப் பருகுவார் இல்லை. மாந்தர் தடவிலிட்ட நெருப்பையே நாடுகின்றனர். விசிறி பழுதுபட்டதன்று; கலமும் உடைந்ததன்று. காற்று மாறிற்று, அதனால் அவற்றின் பயன் ஒழிந்தது. குளிர்விக்குங் கருவி எதுவாயினும் அதன் பயன் கருவியில் மட்டும் அடங்கியதன்று, அதனைச் சூழ்ந்துள்ள வளியின் இயல்பிலும் அடங்கியது என்னும் உண்மையை இக்காட்சி உணர்த்தும். இவ்வுண்மையை மறந்தமையால் விளையும் இழப்பு இக்காலத்திற் பெரிதாகின்றது.

மட்டக்களப்பு வாவியின் இருகரைகளிலும் கோடை முற்றியதும் சில்லுப் பூட்டிய குளிர்கருவிகளை வாங்குவார் பலர். இவை இருவகைப்படும். நீரை ஊற்றி இயக்கப்படுவது ஒன்று. கடைகளில் 'எயார் கூலர்' என வழங்குவது அது. நீண்ட குழாயைச் சாளரத்தின் வழியே வெளியே விட்டு இயக்கப்படுவது மற்றையது; அது 'ஏசி' எனப்படும் வளிச்சீராக்கியின் சிறு வடிவம். தோற்றத்தில் இரண்டும் உடன்பிறந்தனபோற் காணப்படும். செயலிலோ ஒன்று வளியில் நீரைச் சேர்ப்பது; மற்றொன்று வளியினின்று நீரை நீக்குவது. இவ்வேறுபாட்டை அறியாது வாங்குவோர் பணத்தை இழப்பதோடு, எவருக்காக வாங்கினரோ அம்முதியோரையும் குழந்தையையும் நோயாளரையும் முன்னையினும் புழுக்கமான அறையிற் கிடத்த நேரும். ஆதலின், கருவியை ஆராயுமுன் இந்நிலத்துக் காற்றை ஆராய்தல் முறையாகும்.

வாவியும் காற்றும்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. அதற்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட மணற்றிட்டு எழுவான்கரை எனவும், வாவிக்கு மேற்கேயுள்ள வயல்நிலம் படுவான்கரை எனவும் வழங்கும். கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி முதலிய ஊர்கள் எழுவான்கரையைச் சார்ந்தன. வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி முதலியன படுவான்கரையைச் சார்ந்தன. நகரின் பழைய பகுதியாகிய புளியந்தீவு வாவியின் நடுவே அமைந்துள்ளது. எத்திசையிலும் நீர் சூழ்ந்த இந்நிலத்தில் வளி பெரும்பாலும் நீராவி மிகுந்தே இருக்கும்.

எனினும் ஆண்டு முழுதும் ஒரே தன்மை நிலவுவதில்லை. ஐப்பசி முதல் தை வரையுள்ள மாரியில் வடகிழக்குப் பருவக்காற்று கடலைக் கடந்து வந்து மழை பொழிகின்றது. இந்நிலம் பெறும் மழையின் பெரும்பகுதி இக்காலத்திலேயே கிடைக்கும். வெயில் தணிந்திருப்பினும் ஈரம் மிகுதியாகும். வைகாசி முதல் ஆவணி வரையிலோ இதற்கு நேர்மாறான கச்சான் காற்று மேற்கேயிருந்து வீசும். அக்காலத்திற் படுவான்கரை வரப்புகளிற் புல் கருகும், உலர விட்ட துணி விரைவில் உலரும், உதடு வெடிக்கும்.

கச்சான் வறண்டு வருவதற்குக் காரணம் மலைநாடு. தென்மேல் பருவக்காற்று இந்து சமுத்திரத்திலிருந்து ஈரத்தோடு வந்து மேற்கு மலைச்சரிவில் ஏறுகின்றது. ஏறும் வளி விரிந்து குளிர்கின்றது; நீராவி முகிலாகி மழையாகின்றது. நீராவி நீராகும்போது வெளிவிடும் வெப்பம் வளிக்கே சேர்வதால், முகிலினூடே ஏறும் வளி 100 மீற்றருக்கு ஏறத்தாழ அரைப் பாகை செல்சியசு அளவே குளிரும். மழையைச் சொரிந்து மலையைக் கடந்த வளி கிழக்குச் சரிவில் இறங்குகையில் முகில் இல்லாமையால் 100 மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு பாகை வீதம் சூடாகும். ஆதலின் மேற்குக் கரையிற் புறப்பட்டபோது இருந்ததினும் வெப்பம் மிகுந்தும் ஈரம் குறைந்தும் கிழக்குச் சமவெளியை அடைகின்றது. அல்ப்சு மலையின் மறுபுறத்தே வீசும் 'ஃபோன்' என்னும் வறண்ட காற்றும் இம்முறையாலேயே உண்டாவது.

எனவே, ஒரே மனை ஆண்டின் ஒரு பகுதியில் ஈரநிலத்தின் தன்மையையும், மற்றொரு பகுதியின் பகற்பொழுதில் வறண்ட நிலத்தின் தன்மையையும் உடையதாகின்றது. இங்குக் குளிர்கருவியைத் தெரிதல் பிறவிடங்களினும் நுணுக்கமாதற்கு இதுவே காரணம்.

உடல் தன்னைக் குளிர்வித்தல்

மனித உடல் இடையறாது வெப்பத்தை உண்டாக்குகின்றது; அதனை வெளியேற்றினாலன்றி உயிர் வாழ்தல் இயலாது. சூழ்ந்த வளி தோலினும் குளிர்ந்திருப்பின் வெப்பம் தானே வெளிச்செல்லும். வளி சூடேறியபோது வியர்வை ஆவியாதல் ஒன்றே பெருவழியாக எஞ்சும். வளியில் ஈரம் மிகின் வியர்வை ஆவியாகாது வழிந்தோடும். வழிந்தோடும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. ஆவியாகும் வியர்வையே குளிர்விக்கும்.

மின்விசிறி வளியைக் குளிர்விப்பதன்று. உடலைச் சுற்றித் தேங்கிய ஈரவளியை நீக்கிப் புதிய வளியைக் கொணர்ந்து வியர்வையை ஆவியாக்குவதே அதன் தொழில். ஆதலின் ஆளில்லாத அறையில் விசிறியை ஓடவிடுதல் வீண். வெப்பம் 40 பாகையைத் தாண்டியபின் விசிறி உடலைக் குளிர்விப்பதற்குப் பதிலாகச் சூடாக்கும் என உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கின்றது. வாவிக்கரையில் அத்தகைய வெப்பம் அரிது. ஆகையால் இந்நிலத்தில் முதலிடம் பெறத்தக்கது விசிறியே. ஏறத்தாழ 60 வாற்று வலுவுடைய விசிறி இரவில் எட்டு மணிநேரம் ஓடினும் அரை யூனிற்று மின்னையே செலவிடும்.

நீரூற்றும் கருவி

மட்குடத்து நீர் குளிர்வதன் காரணமே எயார் கூலரின் காரணமும் ஆகும். குடத்தின் நுண்டுளைகள் வழியே கசிந்த நீர் ஆவியாகும்போது தனக்கு வேண்டிய வெப்பத்தைக் குடத்தினின்றும் கவர்கின்றது. முற்காலத்திற் சாளரங்களில் வெட்டிவேர்த் தட்டிகளைக் கட்டி நீர் தெளித்தமையும் இவ்வுண்மை பற்றியே. எயார் கூலரில் நீரில் நனைந்த தடித்த அட்டைமெத்தையூடாக விசிறி வளியை இழுக்கின்றது. ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது கவரும் வெப்பம் ஏறத்தாழ 675 வாற்று வலுவுடைய அடுப்பு ஒரு மணிநேரத்தில் தரும் வெப்பத்துக்குச் சமம். இவ்வளவு வெப்பத்தைக் கவரும் ஆற்றல் நீருக்கு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்நீரை ஏற்க வளியில் இடம் உண்டோ என்பதே வினா.

இதற்கு விடை தருவது ஈரக்குமிழ் வெப்பமானி. வெப்பமானியின் குமிழை நனைந்த துணியாற் சுற்றிக் காற்றுப்படச் செய்தால் அது காட்டும் வெப்பநிலை குறையும். சாதாரண வெப்பமானி காட்டும் அளவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடே வளியின் வறட்சிக்கு அளவுகோல். நனைந்த மெத்தையூடாக வளியை இழுத்துக் குளிர்விக்கும் இத்தகைய கருவி எதுவும் ஈரக்குமிழ் அளவுக்குக் கீழே வளியைக் குளிர்விக்கமாட்டாது. தடித்த மெத்தையுடைய நல்ல கருவி இவ்வேறுபாட்டில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கைக் குறைக்கும். மெல்லிய மெத்தையுடைய மேசைக்கருவி அதனினும் குறைவாகவே குறைக்கும்.

மூன்று பொழுதுகளை எடுத்துக்கொள்க. கச்சான் வீசும் ஒரு பிற்பகலில் வெப்பம் 36 பாகை, சாரீரப்பதன் 45 வீதம் எனின் ஈரக்குமிழ் 26.4 பாகையைக் காட்டும். வேறுபாடு 9.6. நல்ல கருவியினின்றும் வரும் வளி ஏறத்தாழ 29.3 பாகையில் இருக்கும். இது பெரும் ஆறுதலே. அன்றிரவு காற்றோய்ந்து வெப்பம் 28 பாகையாகத் தணிந்ததெனக் கொள்க. வளியிலுள்ள நீராவி மாறாதிருப்பினும், வெப்பம் குறைந்தமையால் ஈரப்பதன் 71 வீதமாகிவிடும். அப்போது அதே கருவி மூன்று பாகையளவே குறைக்கும். இனி மாரிகாலத்து இரவொன்றில் வெப்பம் 28 பாகை, ஈரப்பதன் 85 வீதம் எனின் வேறுபாடு இரண்டு பாகையே. கருவி தருவது ஒன்றரைப் பாகைக் குளிர்ச்சி. அதற்கு ஈடாக வளியை மேலும் ஈரமாக்கி வியர்வையை உலரவிடாது தடுக்கும். இங்கே நீரை ஊற்றாது விசிறியாக மட்டும் இயக்குதலே நன்று.

மூடிய அறையில் இக்கருவியை இயக்குதல் பெருந்தவறு. 12 சதுரமீற்றர் தளமும் 3 மீற்றர் உயரமும் உடைய அறையில் 36 கனமீற்றர் வளி உண்டு. 30 பாகை வெப்பத்தில் 70 வீத ஈரப்பதனுடன் அவ்வளி இருப்பின், அது முற்றும் நிரம்புவதற்கு இன்னும் மூன்றிலொரு லீற்றர் நீரே போதும். மணிக்கு ஓரிரு லீற்றரை ஆவியாக்குங் கருவி அதனைச் சில நிமிடங்களில் நிரப்பிவிடும். ஆதலின் கருவியைச் சாளரத்தின் முன் வைத்து வெளிவளியை இழுக்கச் செய்து, எதிர்ப்புறத்துக் கதவையோ சாளரத்தையோ திறந்து ஈரவளியை வெளியேறவிடல் வேண்டும்.

தொட்டியிற் பனிக்கட்டி இடுமாறு சிலர் கூறுவர். ஒரு கிலோகிராம் பனிக்கட்டி உருகும்போது கவரும் வெப்பம், அதே நிறை நீர் ஆவியாகும்போது கவருவதில் ஏழிலொரு பங்கே. அப்பனிக்கட்டியை உறையச் செய்த குளிர்சாதனப்பெட்டி அவ்வெப்பத்தையும் தான் கொண்ட மின்னின் வெப்பத்தையும் முன்னரே வீட்டினுள் விட்டிருக்கும். ஆதலின் வீட்டிற்கு நிகர ஆதாயம் இல்லை.

எளிய சோதனை

கருவியை வாங்குமுன் ஒவ்வொரு குடும்பமும் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. ஒரே அளவைக் காட்டும் இரு வெப்பமானிகளைப் பெறுக. ஒன்றின் குமிழை மழைநீரில் நனைத்த மெல்லிய பருத்தித் துணியாற் சுற்றுக. இரண்டையும் நிழலில், ஓடும் விசிறியின் முன்னே, பத்து நிமிடம் வைக்க. பின்னர் இரண்டின் வேறுபாட்டைக் குறிக்க. அவ்வேறுபாட்டில் பத்தில் ஏழு பங்கே நல்லதொரு கருவி தரக்கூடிய குளிர்ச்சி.

இச்சோதனையைப் பிற்பகல் இரண்டு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் செய்தல் வேண்டும். கச்சான் காலத்தில் ஒரு முறையும் மாரியில் ஒரு முறையும் செய்தல் சாலச் சிறந்தது. வேறுபாடு எட்டுப் பாகைக்கு மேற்படின் எயார் கூலர் பயன்தரும். நான்கு பாகைக்குட்படின் அதில் நீருற்றுதல் வீண். இடைப்படின் பயன் சிறிதாகும். காற்றோட்டம் நன்கமைந்தாலன்றி அதுவும் கிட்டாது. எவர் எப்பொழுதில் வெம்மையால் வருந்துகின்றனரோ அப்பொழுதின் அளவையே கொள்ளல் வேண்டும். பகலிற் பள்ளிக்கும் பணிக்கும் சென்று இரவில் மட்டும் மனையிலிருப்போர் பிற்பகல் அளவை நம்பி வாங்குதல் பொருந்தாது. படுக்கையிற் கிடக்கும் முதியோருக்குப் பிற்பகலே கடுமையான பொழுதாகையால் அவர்க்கு அவ்வளவே கொள்ளத்தக்கது.

குழாயுடைய வளிச்சீராக்கி

வளிச்சீராக்கி தோன்றிய வரலாறே அதன் இயல்பை விளக்கும். 1902ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்துப் புறூக்கிளினில் அச்சகம் ஒன்றிற் கோடையின் ஈரத்தால் தாள்கள் விரிந்து சுருங்கின; ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும் நிறங்கள் பொருந்தாது பிறழ்ந்தன. இக்குறையை நீக்க வில்லிசு கரியர் என்னும் இளம் பொறியியலாளர் வகுத்த அமைப்பே இக்கால வளிச்சீராக்கியின் முன்னோடி. மனிதரைக் குளிர்விப்பதன்று, வளியின் ஈரத்தைக் கட்டுப்படுத்துவதே அதன் முதல் நோக்கம். ஈரம் மிகுந்த நிலத்துக்கு இக்கருவி ஏன் பொருந்தும் என்பது இதனால் விளங்கும். குளிர்ந்த சுருட்குழாயின்மேற் படும் வளியின் நீராவி நீராகிச் சொட்டுகின்றது. அறையின் வெப்பத்தோடு ஈரமும் குறைகின்றது.

ஆயினும் வெப்பத்தை அழிக்கும் ஆற்றல் எக்கருவிக்கும் இல்லை. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்லவே இயலும். ஆகவே வளிச்சீராக்கி என விற்கப்படும் எதனையும் நோக்கிக் கேட்கவேண்டிய முதல் வினா, 'வெப்பம் எவ்வழியே வெளியேறுகின்றது?' என்பதே. வெளியேற்றும் குழாய் இல்லையெனின் அது வளிச்சீராக்கியன்று. அல்லது தான் அகற்றிய வெப்பத்தை அதே அறையில் விடுவது. கதவைத் திறந்துவைத்த குளிர்சாதனப்பெட்டி அறையைக் குளிர்விக்காது சூடாக்குவது போன்றதே அது.

குழாயுடையவற்றுள்ளும் ஒரு குழாயுடையது, இரு குழாயுடையது என இருவகை உண்டு. ஒரு குழாயுடையது அறையின் வளியையே இழுத்து, அதனாற் கருவியின் சூடான பகுதியைத் தணித்து, வெளியே தள்ளுகின்றது. தள்ளிய அளவு வெளிவளி கதவிடுக்கிலும் கூரையிடுக்கிலும் புகுந்தே தீரும். மணிக்கு 300 கனமீற்றர் வளி இவ்வாறு புகுவதாகக் கொள்க. முற்கூறிய அறையின் வளி முழுதும் மணிக்கு எட்டு முறை மாறும். வெளியே மாரிகாலத்து 28 பாகையும் 85 வீத ஈரப்பதனும், உள்ளே 26 பாகையும் 60 வீத ஈரப்பதனும் இருப்பின், புகுந்த வளியோடு மணிக்கு ஏறத்தாழ இரண்டரை லீற்றர் நீருக்குச் சமமான மிகை நீராவி உள்ளே வரும். அதனை மட்டும் நீராக்கி அகற்றுதற்கே 1.7 கிலோவாற்று வலு வேண்டும். 12,000 பிரித்தானிய வெப்ப அலகு எனக் குறிக்கப்பட்ட கருவியின் முழு வலுவே 3.5 கிலோவாற்றுத்தான். எனவே அதன் வலுவிற் பாதியளவு, அது தானே உள்ளிழுத்த ஈரத்தோடு போராடுவதிற் கழிகின்றது. வறண்ட நாடுகளில் இக்குறை இவ்வளவு பெரிதாகத் தோன்றாது, வாவிக்கரையில் பெரிதாகும்.

இரு குழாயுடையது ஒரு குழாயால் வெளிவளியை எடுத்து மற்றதால் வெளியே விடுகின்றது. அறையின் வளியைத் தொடுவதில்லை. ஆதலின் இந்நிலத்திற் பெயர்த்து வைக்கக்கூடிய வளிச்சீராக்கி வேண்டுவோர் இவ்வகையையே நாடுதல் தகும். ஐக்கிய அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் 2016இல் வகுத்த சோதனை முறை, உட்புகும் வெளிவளியையும் குழாயிலிருந்து கசியும் வெப்பத்தையும் கணக்கிற் கொள்கின்றது. அதன்படி காணும் வலு பழைய முறையிற் குறித்ததினும் குறைவாகவே அமையும். கருவியின் பெட்டியில் இரு எண்கள் காணப்படின் சிறிய எண்ணையே நம்புதல் வேண்டும்.

செலவும் நோக்கத்தக்கது. 1,200 வாற்று வலுவைக் கொள்ளுங் கருவியின் அமுக்கி இரவில் எட்டு மணிநேரம் இடையறாது ஓடின் 9.6 யூனிற்று, முப்பது இரவுகளில் 288 யூனிற்று. 150 வாற்று எயார் கூலருக்கு அதே காலத்தில் 36 யூனிற்று, விசிறிக்கு 14.4 யூனிற்று. இலங்கையில் வீட்டு மின்கட்டணம் நுகர்வு ஏற ஏற யூனிற்றின் விலையும் படிப்படியாக ஏறுமாறு அமைந்தது. ஆகவே ஓர் அறையின் கருவி வீடு முழுவதன் கட்டணத்தையும் உயர்படிக்குத் தள்ளிவிடக்கூடும். மெல்லிய நீட்டிப்புக் கம்பியில் இக்கருவியை மாட்டுதல் தீவிபத்துக்கு இடமாகும். புவித்தொடுப்புள்ள சுவர்க் கொளுவியில் நேரே மாட்டல் வேண்டும்.

வாடகை வீட்டிலிருப்போரும் சுவரைத் துளைக்க இயலாதோரும் பெயர்த்து வைக்குங் கருவியை விரும்புதல் இயல்பே. சொந்த வீட்டில் நிலையாக ஓர் அறையைக் குளிர்விக்க வேண்டுவோர்க்கோ, அமுக்கியைச் சுவருக்கு வெளியே பொருத்தும் நிலையான வளிச்சீராக்கியே குறைந்த மின்னில் நிறைந்த பயன் தரும். கடற்காற்றின் உப்பால் வெளிப்பகுதி துருப்பிடிக்கும் என்பதை எண்ணி, கடலை நேர்நோக்காத பக்கத்தில் அதனை அமைத்து, அவ்வப்போது நன்னீராற் கழுவுதல் வேண்டும்.

நீர், உப்பு, நுளம்பு

எயார் கூலரைத் தெரிந்தோர் அதிலூற்றும் நீரையும் நோக்கல் வேண்டும். எழுவான்கரையின் கிணற்று நீர் மணலின் மேற்படையிலே தங்கிய மழைநீர். அதன் இருபுறமும் உவர்நீர். 2004 திசம்பர் 26ஆம் நாள் எழுந்த கடற்பேரலையாற் கரையோரக் கிணறுகள் பல உவர்ப்பாயின. பின்வந்த மாரிமழைகளே உவர்ப்பைப் படிப்படியாகக் கழுவின. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. லீற்றருக்கு அரைக் கிராம் உப்புள்ள நீரை நாளொன்றுக்கு 20 லீற்றர் ஆவியாக்கினால் மாதத்தில் 300 கிராம் உப்பு மெத்தையிலும் தொட்டியிலும் எஞ்சும். மெத்தையின் கண்கள் அடைபட்டுக் காற்றோட்டம் குறையும். இரும்புப் பாகங்கள் அரிபடும். தொட்டி நீரை அடிக்கடி முற்றாக வடித்துப் புதுநீர் ஊற்றுவதும், இயன்றவிடத்துச் சேகரித்த மழைநீரைப் பயன்படுத்துவதும் பரிகாரமாகும்.

இதனினும் முக்கியமானது நுளம்பு. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஈடிசு நுளம்பு தெளிந்த தேங்குநீரில் முட்டையிடும். முட்டை வளர்ந்து நுளம்பாவதற்கு ஏழு முதற் பத்து நாளே போதும். அதன் முட்டைகள் தொட்டியின் சுவரில் ஒட்டி, நீரின்றியும் மாதக்கணக்கில் அழியாதிருக்கும். கச்சான் ஓய்ந்ததும் நீரோடு மூலையில் ஒதுக்கப்பட்ட கருவி, மாரி தொடங்குமுன் நுளம்புப் பண்ணையாகிவிடும். வாரம் ஒருமுறை நீரை வடித்துத் தொட்டிச் சுவரைத் தேய்த்துக் கழுவுதலும், பருவம் முடிந்ததும் உலர்த்தி மூடிவைத்தலும் இன்றியமையாதன. இதனைச் செய்ய இயலாத வீட்டில் இக்கருவி இல்லாதிருத்தலே நன்று.

கூரையும் சாளரமும்

கருவிக்கு முன்னர்க் கவனிக்கத்தக்கது வீடு. தென்னங்கிடுகால் வேய்ந்த கூரை வெயிலை எளிதில் உள்ளே விடாது. தகரமும் கல்நார்த் தகடும் நண்பகலில் அனலைக் கீழே வீசும். கொங்கிறீற்றுத் தளமோ பகலிற் கொண்ட வெப்பத்தை இரவிலே மெல்ல விடும். வெளியே குளிர்ந்த பின்னும் உள்ளே புழுங்குதற்குக் காரணம் அதுவே. கூரைக்கு வெண்சாந்து பூசுதல், தகட்டின்கீழ் உட்கூரை அமைத்தல், மேற்குச் சுவருக்குப் பந்தலோ மரநிழலோ அளித்தல் ஆகியன ஒருமுறை செலவில் பல்லாண்டு பயன் தருவன. கச்சான் வீசும் பகலில் மேற்குச் சாளரங்களை மூடி, மாலையிற் கடற்காற்று எழுந்ததும் கிழக்குச் சாளரங்களைத் திறத்தல் செலவில்லாத மருந்து.

இங்கே மற்றொரு முரணும் உண்டு. எயார் கூலர் திறந்த வீட்டை வேண்டும். வளிச்சீராக்கி மூடிய அறையை வேண்டும். ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே வெளியுள்ள பழைய வீட்டில் வளிச்சீராக்கி தெருவையே குளிர்விக்கும். ஒரே சாளரமுள்ள சிறிய மாடியறையில் எயார் கூலர் புழுக்கத்தையே பெருக்கும். வீட்டின் அமைப்பு எதுவோ அதற்கேற்பவே கருவி அமைதல் வேண்டும்.

முடிபு

மேலே கூறியவற்றால் தெரிவுமுறை பெறப்படும். முதலில் கூரையின் வெப்பத்தைக் குறைத்து நல்ல விசிறியொன்றை அமைத்தல். அதுவும் போதாதாயின் இரு வெப்பமானிகளால் வளியைச் சோதித்தல். துன்பம் கச்சான் காலத்துப் பிற்பகலுக்குரியதாய், வீடு காற்றோட்டமுடையதாய், நீர் மாற்ற ஆளுடையதாய் இருப்பின் தடித்த மெத்தையுடைய எயார் கூலர். துன்பம் ஈரமிகுந்த இரவுக்குரியதாய், மூடத்தக்க அறையும் மின்கட்டணம் செலுத்தும் வசதியும் இருப்பின் வளிச்சீராக்கி. அதனுள்ளும் பெயர்த்து வைப்பதே வேண்டுமெனின் இரு குழாயுடையது. குழாயுமின்றி ஈரத்தையும் கூட்டாது அறை முழுவதையும் குளிர்விப்பதாகக் கூறப்படுங் கருவி இயற்கை விதிக்கு முரணானது, அதனை விலக்குக.

நெடுநல்வாடை காட்டிய நகரத்தார் கூதிரில் விசிறியைச் சுருக்கித் தொங்கவிட்டனர். காற்றறிந்து கருவியைக் கையாளும் அவ்வழக்கம் வாவிக்கரை மீனவரும் உழவரும் இன்றும் கைவிடாத ஒன்று. கச்சானென்றும் வாடையென்றும் கொண்டலென்றும் காற்றைப் பகுத்தறிந்தே அவர் வள்ளத்தை இறக்குவர், சூடு மிதித்த நெல்லைத் தூற்றுவர். குளிர்கருவி வாங்கப் புகுவாரும் அவ்வறிவையே முதலாகக் கொள்வாராயின், பொருளும் வீணாகாது. வெம்மையில் வருந்தும் முதியோர்க்கும் மதலையர்க்கும் உண்மையான தணிவும் கிட்டும்.